கோல்ஃப் ஆட்டமும் உடல் வலிவும்

கல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் அந்நகரத்து ராயல் கோல்ஃப் சங்கத்தை அறிந்திருக்கக்கூடும். 1829ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் சங்கங்களுள் மிகப் பழைமையானது. வேலிக்கு வெளியே நின்று நோக்குவோருக்கு அவ்வாட்டம், செல்வர்கள் மாலை வேளையில் உலாவி வருவதாகவே தோன்றும். உண்மை வேறு. 18 குழிகளையும் சுற்றி முடிக்க ஆறேழு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்கவேண்டும். பெரும் போட்டிகளில் நான்கு சுற்றுகள் உண்டு. பந்தை விரட்டும் வேகமும் கைகளில் மட்டும் பிறப்பதன்று. அது காலில் தொடங்கி, இடுப்பிலும் முதுகிலும் வளர்ந்து, தோள் வழியே மட்டையைச் சென்றடைகிறது.

இவ்வாறிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆட்டக்காரர் பலர் பளு தூக்கும் பயிற்சியை அஞ்சி விலக்கினர். தசை தடித்தால் தோள் இறுகும், இடுப்பு திரும்பாது, கையின் நுண்ணுணர்வு கெடும் என்பது அவர்தம் எண்ணம்.

அவ்வெண்ணத்தை முதலில் மீறியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஃபிராங்க் ஸ்டிரானஹான். பளு தூக்குவதில் வல்லவரான அவர், இரும்புக் குண்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே போட்டிகளுக்குச் செல்வார். விடுதிப் பணியாட்கள் அப்பெட்டியைத் தூக்க இயலாமல் திணறுவார்களாம். நகைத்தோர் பலர், ஆயினும் 1948ஆம் ஆண்டிலும் 1950ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை அவர் வென்றார்.

அவர் வழியை உலகறியச் செய்தவர் தென்னாப்பிரிக்கரான கேரி பிளேயர். தந்தை தங்கச் சுரங்கத் தொழிலாளி. எட்டு வயதில் தாயை இழந்த அச்சிறுவனிடம், இரண்டாம் உலகப் போருக்குப் புறப்பட்ட அண்ணன் இயன், நாள்தோறும் உடற்பயிற்சி செய்வதாக உறுதிமொழி பெற்றார். வளர்ந்த பின்பும் பிளேயரின் உயரம் ஐந்தரை அடியைச் சிறிதே கடந்தது. நெடிதுயர்ந்த எதிரிகளோடு பொருதவேண்டியவருக்கு வலிவு ஆடம்பரமன்று. அதுவே பிழைக்கும் வழி. 1965இல், நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற மூன்றாமவர் என்ற பெருமையை அவர் எய்தினார்; அமெரிக்கரல்லாதாருள் அவரே முதல்வர். 1978இல், 42ஆம் வயதில், மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றை 7 அடிகள் பின்தங்கிய நிலையில் தொடங்கினார். ஏனையோர் தளரும் கடைசிப் பத்துக் குழிகளுள் ஏழில் ஒவ்வோர் அடியை மிச்சப்படுத்தி, 64 அடிகளில் சுற்றை முடித்து, ஓரடி வேறுபாட்டில் வென்றார்.

1990களின் இறுதியில் டைகர் உட்ஸ் எழுந்தபின் பழைய அச்சம் அடியோடு மறைந்தது. இன்று அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளோடு உடற்பயிற்சிக் கருவிகள் ஏற்றிய வண்டிகளும் ஊர்தோறும் செல்கின்றன.

பழையோரின் கருத்திலும் ஓர் உண்மை இருந்தது. நெகிழ்ச்சியற்ற வலிவு இவ்வாட்டத்திற்கு உதவாது. ஆதலின் ஆட்டத்தில் முன்னேற விரும்பும் அன்பர்கள், புதிய மட்டைக்குப் பொருள் செலவிடுமுன், நடைக்கும், கால் இடுப்புத் தசைகளை வலுப்படுத்தவும், தோளையும் முதுகையும் நெகிழ்விக்கவும் அன்றாடம் சிறிது நேரம் ஒதுக்குவார்களாக.