இரண்டு பைத்தானுக்கு நடுவே தமிழ்



உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாகத் தினமும் திருச்சிக்குப் பேருந்தில் வந்து படிக்கிறேன். வீட்டில் இருக்கும் கணினி, அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு மடிக்கணினி. அதில் பாஸ் லினக்ஸ் இன்னும் ஓடுகிறது. அம்மா வார இதழ்களில் குறுக்கெழுத்துப் புதிர் போடுவார். அவருக்காக ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நிரலைப் பைத்தானில் எழுதினேன். அதை நிறுவ ஒரு சின்ன ஸ்கிரிப்டும் எழுதி, அதையே கல்லூரி புராஜெக்டாகவும் கொடுத்துவிட்டேன்.

ஆய்வகத்தில் ஓட்டினால், "பைத்தான் என்ற கட்டளை இல்லை" என்றது. கட்டளையின் பெயரை மாற்றினேன். அடுத்து பிரிண்ட் வரியில் பிழை! "வீட்டுல ஓடுச்சு சார்" என்றேன். "எல்லாரும் அதைத்தாம்பா சொல்றீங்க" என்றார் சார். மதிப்பெண் போனது போனதுதான். ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஷெல் காலத்துச் சிக்கல்

இந்தத் தலைவலி பைத்தானுக்கு முன்பே உண்டு. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் '#!' போட்டு, எந்த மொழிமாற்றி அதைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் வழக்கத்தை 1980-இல் டென்னிஸ் ரிட்சி கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு யூனிக்ஸை விற்றது. ஒன்றில் ஓடும் ஸ்கிரிப்ட் இன்னொன்றில் ஓடாது.

1991-இல் டேவிட் மெக்கன்சி ஆட்டோகான்ஃப் என்ற கருவியை எழுதினார். அதன் அடிப்படை எளிமையானது. "நீ எந்தக் கணினி?" என்று கேட்காதே, "உன்னிடம் இந்த வசதி இருக்கிறதா?" என்று சோதித்துப் பார். அது உருவாக்கும் ஸ்கிரிப்டுகள் எல்லாப் பழைய ஷெல்லுக்கும் பொதுவான கட்டளைகளை மட்டுமே பயன்படுத்தும்.

ஆனாலும் பாடம் மறந்துபோனது. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு 6.10, கணினி வேகமாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக வழக்கமான பாஷுக்குப் பதில் டேஷ் என்ற சின்ன ஷெல்லை வைத்தது. உடனே பல ஸ்கிரிப்டுகள் உடைந்தன. அவற்றின் முதல் வரி பொதுவான ஷெல்லைக் கேட்டது, உள்ளேயோ '[[' போன்ற பாஷுக்கே உரிய எழுத்துமுறை இருந்தது! 2011-இல் டெபியனும் டேஷுக்கு மாறியது. சென்னை சி-டாக் 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

பைத்தான் 3 வந்தது

2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வெளியானது. பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே செய்த மாற்றம் இது. பிரிண்டுக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 3 வரும், இப்போது 3.5 வரும்.

'பைத்தான்' என்று அழைத்தால் யார் வருவது? 2010-இல் ஆர்ச் லினக்ஸ் 3-ஐ அனுப்பியது. மற்றவை 2-ஐ அனுப்பின. இந்தக் குழப்பத்துக்காகவே 2011-இல் பெப் 394 எழுதப்பட்டது. ஸ்கிரிப்டில் 'பைத்தான்2' அல்லது 'பைத்தான்3' என்று தெளிவாக எழுதுங்கள் என்பதே அதன் சாரம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2015-இல் முடிய வேண்டியது. பலரும் மாறவில்லை என்பதால் 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். அதே ஆண்டு வந்த உபுண்டு 20.04-இல் வெறும் 'பைத்தான்' என்ற கட்டளையே இயல்பாக இல்லை. ஆய்வகத்தில் என் காலை வாரியது இதுதான்!

தமிழுக்கு என்ன ஆயிற்று?

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். பைத்தான் 2-இல் யூடிஎஃப்-8 கோப்பில் சாதாரணமாக எழுதினால் 15 என்று சொல்லும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. பைத்தான் 3 சொல்வது 5; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. ஆனால் அம்மாவைக் கேட்டால் மூன்று கட்டம் என்பார். அவர் சொல்வதுதான் சரி!

இந்த மூன்றைச் சரியாகச் சொல்வது ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகம். தமிழிலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியைப் பற்றி 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட முத்து அண்ணாமலையும் மற்ற ஆர்வலர்களும் உருவாக்கியது. எழிலும் பைத்தானில் எழுதப்பட்டதே. ஓப்பன்-தமிழ் பல ஆண்டுகள் பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடும்படி பராமரிக்கப்பட்டது.

அது சுலபமல்ல. பைத்தான் 2-இல் தமிழ்ச் சரத்துக்கு முன்னால் 'யூ' என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும், பைத்தான் 3.0 முதல் 3.2 வரை அதையே பிழை என்றார்கள். 2012-இல் வந்த 3.3-இல்தான் அதைத் திரும்ப அனுமதித்தார்கள். ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இது சின்ன விஷயம். தமிழ் நிரலில் வரிக்கு வரி வரும்.

இன்னும் முடியவில்லை

2021-இல் செட்டப்டூல்ஸ் 58, நிறுவும்போதே பழைய நிரலைப் பைத்தான் 3-க்கு மாற்றித்தரும் வசதியை நீக்கியது. அதை நம்பியிருந்த பழைய தொகுப்புகளை நிறுவ முடியாமல் போனது. அதே ஆண்டு பைத்தான் 3.10 வந்தபோது இன்னொரு வேடிக்கை. பதிப்பை வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்ட ஸ்கிரிப்டுகள், 3.10-ஐ 3.9-ஐ விடப் பழையது என்று நினைத்தன! 2023-இல் 3.12 வந்தபோது, நிறுவும் ஸ்கிரிப்டுகள் காலங்காலமாக நம்பியிருந்த டிஸ்ட்யூட்டில்ஸே நீக்கப்பட்டது.

நான் செய்த மாற்றங்கள்

1. நிறுவும் ஸ்கிரிப்டைப் பொதுவான ஷெல்லிலேயே எழுதி, டேஷில் ஓட்டிப் பார்த்தேன்.
2. முதலில் 'பைத்தான்3' இருக்கிறதா என்று தேடும், இல்லையென்றால் 'பைத்தான்'.
3. பதிப்பை எண்களாகப் பிரித்து ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் பாதியில் விழாமல், காரணத்தைத் தமிழில் சொல்லி நிற்கும்.
4. தமிழ் எழுத்துள்ள ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யூடிஎஃப்-8 என்ற குறிப்பு. பைத்தான் 3-க்குத் தேவையில்லை, 2-க்கு அவசியம்.

"புதுக் கணினி வாங்கு, புதுப் பதிப்பைப் போடு" என்று சொல்லலாம். பாதுகாப்புக்கு அது நல்லதும்கூட. ஆனால் அக்காவின் மடிக்கணினி போல எத்தனை வீடுகளில் பழைய கணினி மட்டுமே இருக்கிறது! நாம் எழுதும் நான்கு வரிச் சோதனை, அந்த வீட்டுப் பிள்ளையையும் உள்ளே விடுகிறது. சென்ற வாரம் ஆய்வகத்தில் மறுபடி ஓட்டினேன். ஓடியது. வீட்டிலும் ஓடுகிறது. இரண்டும் மூன்று என்றே சொல்கின்றன!

அடுத்த கட்டுரையில் சந்திப்போம் நண்பர்களே.