ஷவ் ஹேப்பெனி

இங்கிலாந்தின் பப்களில் ஆடப்படும் காசு தள்ளும் மேசை விளையாட்டு. 'ஹேப்பெனி' என்பது அரை பென்னிக் காசு. கேரம் ஆடிப் பழகியவர்களுக்கு இதன் ருசி சட்டென்று பிடிபடும். ஆனால் இங்கே விரலால் சுண்டுவதில்லை. பலகையின் விளிம்பில் சற்று வெளியே நீட்டியபடி காசை வைத்து உள்ளங்கையால் தட்ட வேண்டும்.

ஸ்லேட் கல்லிலோ மரத்திலோ செய்த பலகையில் குறுக்குக் கோடுகளால் பிரித்த 9 கட்டங்கள் இருக்கும். ஒரு முறைக்கு 5 காசுகள். கோட்டைத் தொடாமல் நின்ற காசுக்கே புள்ளி. பலகை ஓரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள்வார்கள். எல்லாக் கட்டங்களிலும் மும்மூன்று புள்ளிகளை முதலில் சேர்ப்பவருக்கே வெற்றி. நிரம்பிய கட்டத்தில் மேலும் ஒரு காசு நின்றால், அங்கே இடமிருக்கும் எதிராளிக்கு அந்தப் புள்ளி போய்விடும். காசின் அகலம் சுமார் 1 அங்குலம், கட்டத்தின் அகலம் சுமார் 1¼ அங்குலம். சூட்சுமம் முழுவதும் அந்தக் கால் அங்குலத்தில்தான்.

புழங்கிய காசுக்கேற்பப் பெயரும் மாறி வந்திருக்கிறது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் 4 பென்னி மதிப்புள்ள குரோட் காசைத் தள்ளியதால் 'ஷவ் குரோட்'. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஷில்லிங் காசு தள்ளுவது பற்றிய பேச்சு வருகிறது. பிரபுக்களின் மாளிகைகளில் இதையொத்த ஆட்டம் நீண்ட மேசைகளில் நடந்தது. மன்னர் எட்டாம் ஹென்றி அதில் தோற்றுப் பணம் கொடுத்தது 1532-ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. மக்கள் வில்வித்தையை மறந்துவிடக் கூடாது என்று 1541-இல் கொண்டுவந்த சட்டத்தில் ஷவ் குரோட்டையும் சேர்த்துத் தடுத்தவரும் அதே மன்னர்தான்! தடை காகிதத்தில் இருந்தது. ஆட்டம் சாராயக் கடைகளில் தொடர்ந்தது.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜூக்பாக்ஸும் சூதாட்ட இயந்திரங்களும் பப்களில் இடம்பிடிக்க, பலகைகள் மூலைக்குப் போயின. 1970-களில் யார்க்‌ஷயர் தொலைக்காட்சியின் 'இண்டோர் லீக்' நிகழ்ச்சி இதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தொகுத்து வழங்கியவர் ஃப்ரெட் ட்ரூமன். 1952-இல் லீட்ஸ் டெஸ்டில் இந்தியா ரன் எடுக்காமலே 4 விக்கெட் இழக்க முக்கியக் காரணமான அதே வேகப்பந்து வீச்சாளர். அந்த நிகழ்ச்சியால் டார்ட்ஸ் பெற்ற புகழ் ஷவ் ஹேப்பெனிக்கு வாய்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று பழைய பப் விளையாட்டுகளில் ஆர்வமுள்ளவர்களுக்காகக் கைவினைஞர்கள் பலகைகளைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

பழைய அரை பென்னி 1969-இல் செல்லாக்காசானது. 1971-இல் வந்த புதிய அரை பென்னியின் அகலம் 17 மில்லிமீட்டர்தான். பலகைக்கு அது பொருந்தவில்லை, 1984-இல் அதுவும் ஒழிந்தது. ஒரு பக்கம் தேய்த்து வழுவழுப்பாக்கிய பழைய காசுகளை வைத்தே இன்றும் ஆடுகிறார்கள்.