அடிமை உழைப்பில்லாத துணி: அறம்சார் ஆடை இயக்கத்தின் தொடக்க வரலாறு

தான் உடுத்தும் ஆடை யாருடைய உழைப்பில், எந்த நிலையில் உருவானது என்று கேட்டு, அதன்படி வாங்குவதையோ வாங்க மறுப்பதையோ முடிவு செய்வது அறம்சார் ஆடை நுகர்வு எனப்படுகிறது. இயற்கைப் பருத்தி, நியாய வணிக முத்திரை, மூலிகைச் சாயம் என்ற பெயர்களில் இன்று கடைகளில் காணப்படும் ஆடைகளைப் பார்ப்பவர்கள், இது கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் தோன்றிய நாகரிகம் என்று எண்ணக்கூடும். ஆனால் இக்கேள்வி முதலில் எழுந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அதற்கென்று தனிக் கடைகளே அமெரிக்காவில் 1826 முதல் 1867 வரை நடந்தன. அவற்றின் வரலாறு, கோயம்புத்தூர் கரிசல் காடு வரை ஒரு கிளை விட்டிருக்கிறது.

சாயம் போடாத தையற்காரர்

ஜான் உல்மன் 1720இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். தையல் தொழிலும் சிறு கடையும் வைத்திருந்தார். கடை நன்றாக நடக்கத் தொடங்கியதும், வியாபாரம் பெருத்தால் மனம் அதிலேயே போய்விடும் என்று கடையைக் கைவிட்டுத் தையலோடு நின்றுகொண்டார். அடிமைகளை வைத்திருந்த குவேக்கர் குடும்பங்களுக்குச் சென்று பேசி, அவர்களை விடுவிக்கச் சொல்வதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். அப்படிச் செல்லும் வீடுகளில் தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கையில் காசு கொடுத்துவிட்டுத்தான் புறப்படுவாராம்.

1760களின் தொடக்கத்தில் அவர் சாயமிட்ட துணிகளை உடுத்துவதை நிறுத்தினார். சாயம் அழுக்கைப் போக்குவதில்லை, மறைக்கத்தான் செய்கிறது. துணியின் வலுவையும் குறைக்கிறது என்பது அவர் எழுதிவைத்த காரணம். தென் கரோலினாவில் அவுரியைப் பயிரிட்டு நீலம் எடுத்தவர்கள் அடிமைகளே என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். அவர் தலையில் வைத்த தொப்பியும் சாயமில்லாத வெள்ளைத் தொப்பி. இதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அதே காலத்தில் வெள்ளைத் தொப்பி அணிவது பகட்டுக்காரர்களிடையே புதுப் பாணியாகப் பரவியிருந்தது. எளிமைக்காக அணிந்ததைப் பார்த்துச் சிலர், இவரும் நாகரிகத்தின் பின்னால் போய்விட்டார் என்று நினைத்தார்கள். இது தமக்குப் பெரிய சோதனையாக இருந்தது என்று அவரே தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அறமும் பாணியும் ஒன்றோடொன்று குழம்புவது இன்று நேற்றைய கதை அல்ல.

1772இல் இங்கிலாந்து சென்றவர், தபால் வண்டிகளில் குதிரைகளும் வண்டியோட்டும் சிறுவர்களும் படும் பாட்டைப் பார்த்து, வண்டி ஏறாமல் நடந்தே ஊர் ஊராகச் சென்றார். அதே ஆண்டு யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார்.

சர்க்கரையிலிருந்து பருத்திக்கு

உல்மன் தனி மனிதர். கூட்டமாக வாங்க மறுப்பது முதலில் சர்க்கரையில்தான் தொடங்கியது. 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் வெளியிட்ட துண்டு நூலைப் படித்து, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் பிரிட்டனில் பல குடும்பங்கள் நிறுத்தின. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நிறுத்தினர் என்பது தாமஸ் கிளார்க்சனின் மதிப்பீடு. 1820களில் லெஸ்டர் நகரில் எலிசபெத் ஹேரிக் வீடு வீடாகச் சென்று இதையே மீண்டும் எழுப்பினார். அடுப்படிப் பொருள் என்பதால் இதைப் பெண்களே முன்னின்று நடத்த முடிந்தது. அவர்களுக்கு அன்று வாக்குரிமை கிடையாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சர்க்கரையைத் தேநீரில் போடாமல் விடலாம். துணியை அப்படி விட முடியுமா? 1793இல் எலி விட்னி பருத்திக் கொட்டை நீக்கும் பொறியைச் செய்த பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியும் அடிமை முறையும் சேர்ந்தே வளர்ந்தன. 1860இல் அந்நாட்டில் விளைந்த பருத்தி சுமார் 40 இலட்சம் பேல். அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் அடிமைகளின் தொகை 39 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சட்டை, படுக்கை விரிப்பு, விளக்குத்திரி, காகிதமாக மாறும் கந்தல் என்று எல்லாவற்றிலும் அந்தப் பஞ்சு இருந்தது.

இந்நிலையில்தான் 'ஃப்ரீ புரொட்யூஸ்', அதாவது சுதந்திர உழைப்பில் விளைந்த பொருள் என்ற பெயரில் இயக்கம் ஒன்று உருவானது. பெஞ்சமின் லண்டி 1826இல் பால்டிமோரில் கடை திறந்தார். 1827இல் பென்சில்வேனியாவில் சங்கம் அமைந்தது. 1830இல் லிடியா ஒயிட் என்ற பெண்மணி ஃபிலடெல்பியாவில் கடை தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில், அந்நகரின் பெத்தேல் தேவாலயத்தைச் சார்ந்த கறுப்பின மக்கள் தமக்கென்று தனிச் சங்கம் கண்டனர். மறு ஆண்டே கறுப்பினப் பெண்களின் சங்கமும் தோன்றியது. பாடநூல்களில் குவேக்கர் பெயர்களே வருவதால் இவர்கள் மறைந்துபோகிறார்கள். ஃபிரான்சஸ் எல்லன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் என்ற கறுப்பினக் கவிஞர், துணி முரடாக இருந்தாலும் விலை கூடியிருந்தாலும் அடிமைக் கண்ணீர் படாததையே உடுத்துவேன் என்று எழுதியும் பேசியும் வந்தார்.

ஜேம்ஸ் மாட் என்ற வணிகர் செய்தது இன்னும் கடினமானது. நன்றாக நடந்துகொண்டிருந்த பருத்தி வணிகத்தை 1830 வாக்கில் கைவிட்டுக் கம்பளி வணிகத்துக்கு மாறினார். இவருடைய மனைவி லுக்ரீஷியா மாட், அடிமை ஒழிப்பிலும் பெண்ணுரிமையிலும் புகழ்பெற்றவர். வீட்டில் எல்லாமே சுதந்திர உழைப்புப் பொருள்தான். அந்த வீட்டைப் பற்றிப் பேத்தி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சுவையான குறிப்பு உண்டு. அந்தச் சீட்டித் துணிகளை எவ்வளவு ஆர்வமுள்ளவரும் அழகு என்று சொல்லத் துணியமாட்டார். குடைகள் பார்க்கச் சகிக்காது. மிட்டாயோ வாயில் வைக்கவே முடியாது என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. பெரியவர்களின் கொள்கைக்காகக் குழந்தைகள் நல்ல மிட்டாயை இழந்தார்கள். இக்குறிப்பைச் சிரிப்புக்காக மட்டும் நான் எடுத்துக்காட்டவில்லை. இயக்கம் பரவாமல் போனதற்கு அழகின்மையும் ஒரு காரணம். ஆலைகள் பூக்களையும் கோடுகளையும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றி அச்சிட்டுக்கொண்டிருந்தபோது, இக்கடைகளில் கிடைத்த வகைகள் மிகச் சில.

எந்தப் பஞ்சு எந்தக் காட்டுப் பஞ்சு?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அடிமைகளை வைத்துக்கொள்ளாத சிறு விவசாயிகள் வட கரோலினா, டெக்சஸ், மிசிசிப்பி போன்ற மாநிலங்களிலும் இருந்தனர். அவர்களும் பருத்தி விளைவித்தனர். ஆனால் கொட்டை நீக்கும் பொறி பெரும்பண்ணைக்காரரிடம்தான் இருக்கும். சிறு விவசாயியின் பருத்தியும் அங்கேதான் போகும். அடிமைகள் இயக்கும் பொறியில் அரைபட்டு, பண்ணைப் பஞ்சோடு ஒரே குவியலாகும். பேலில் கட்டியபின் எது எவருடையது என்று கடவுளாலும் பிரிக்க முடியாது.

இதை அறிந்து செயல்பட்டவர் லீவை காஃபின். தப்பி ஓடிவந்த அடிமைகளுக்குப் பல்லாண்டு அடைக்கலம் தந்த இவர், 1847இல் சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்து சுதந்திர உழைப்புப் பொருள்களின் மொத்த விற்பனைக் கடையைத் தொடங்கினார். மிசிசிப்பியில் அடிமை வைத்திராத விவசாயிகளின் பருத்தியை மட்டும் அரைப்பதற்காக ஒரு பொறியையே அனுப்பி நிறுவச் செய்தார். அதே 1847இல் ஜார்ஜ் டெய்லர் ஃபிலடெல்பியாவில் கடை திறந்தார். அந்தப் பஞ்சை வேறு பஞ்சு கலக்காமல் நூற்றுத் தர எந்த ஆலையும் எளிதில் இசையவில்லை. கொஞ்சம் பஞ்சுக்காக இயந்திரத்தை நிறுத்தித் துடைத்து ஓட்டுவது கட்டுப்படியாகாது. கடைசியில் டெய்லர் சொந்தமாகவே சிறு ஆலை ஒன்று நடத்த வேண்டியதாயிற்று. இன்று ஆடை ஏற்றுமதியில் நூல் எங்கிருந்து வந்தது என்பதைத் தடம் பிடிக்கும் சான்றிதழ் முறைகள் பற்றிப் பேசுகிறார்களே, அதன் மூலச் சிக்கல் இதுதான்.

உள்ளிருந்தே எதிர்ப்பும் வந்தது. அடிமை ஒழிப்பின் முன்னணித் தலைவர் வில்லியம் லாயிட் கேரிசன் முதலில் ஆதரித்தார், பின்னர் விலகிக்கொண்டார். துணியைப் பார்த்துப் பார்த்து வாங்குவதிலேயே மனநிறைவு அடைந்துவிட்டால், அடிமை முறையையே எதிர்த்துப் போராடும் நேரமும் ஆற்றலும் போய்விடும் என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் பொருளில்லை என்று தள்ள முடியவில்லை. ஆனால் கடை நடத்திய காஃபினே ஓடிவந்தவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர் என்பதால், ஒன்று மற்றொன்றைத் தடுக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை.

இந்தியப் பருத்தி

அமெரிக்கப் பஞ்சுக்கு மாற்று எங்கே என்று தேடிய பிரிட்டிஷ் அடிமை ஒழிப்பாளர்களின் பார்வை இந்தியாவின் மீது விழுந்தது. 1839இல் இலண்டனில் பிரிட்டிஷ் இந்தியா சங்கம் தொடங்கப்பட்டது. ஜோசப் பீஸ், ஜார்ஜ் தாம்சன் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். இந்திய உழவர் நிலத்தீர்வைச் சுமையிலிருந்து விடுபட்டு நல்ல பருத்தி விளைவித்தால், அமெரிக்க அடிமை முறை விலை போகாமல் தானே வீழும் என்பது அவர்கள் கணக்கு. தாம்சன் துவாரகநாத் தாகூருடன் 1842இன் இறுதியில் இந்தியாவுக்கே புறப்பட்டு வந்து கல்கத்தாவில் பேசினார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இத்தகைய அற உணர்வு எதுவும் இல்லை. மான்செஸ்டருக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும், அவ்வளவுதான். அதனால் 1840இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பத்துப் பருத்திப் பண்ணையாளர்களைச் சம்பளத்துக்கு அழைத்துவந்தது. அடிமை உழைப்பில் தொழில் பழகியவர்களைக் கொண்டே, அடிமை உழைப்பில்லாத பருத்தி என்று சிலர் நம்பிய பயிரை இந்தியாவில் வளர்க்கப் பார்த்தார்கள். சென்னை மாகாணத்தில் இச்சோதனைக்குக் கோயம்புத்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1842 முதல் 1853 வரை அதன் பொறுப்பில் இருந்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். தென்னிந்தியத் தாவரங்களை ரங்கய்யா, கோவிந்து என்ற ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்து வெளியிட்டவர் இவரே. அமெரிக்கப் பருத்தி பண்ணையில் முளைத்தது. குடியானவர் காட்டில் வேரூன்றவில்லை. மழை பொய்த்தாலும் தாங்கும் உப்பம் பருத்தியையும் கருங்கண்ணியையும் விட்டுவிட்டுப் புதுப் பயிரை நம்ப அவர்களுக்கு எந்தக் காரணமும் தரப்படவில்லை. பம்பாய் மாகாணத்தின் தார்வாரில்தான் அப்பருத்தி ஓரளவு நிலைத்தது.

இந்திய உழைப்பு சுதந்திர உழைப்புதானா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. தஞ்சை, செங்கல்பட்டு போன்ற நஞ்சைப் பகுதிகளில் பண்ணையாள்கள் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம்தான் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றங்கள் தந்துவந்த ஏற்பை நீக்கியது. பருத்தி விளையும் கரிசல் புஞ்சைகளில் சிறு குடியானவர்களே மிகுதி. ஆனால் தீர்வை கட்டக் கடன், கடனுக்கு விளையப்போகும் பருத்தியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தல் என்பது அவர்கள் நிலை. சங்கிலி இல்லை என்பதை மட்டும் இலண்டனில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வங்காளத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் 1859இல் எழுச்சி கொண்டபோதுதான், முன்பணம் எப்படிப்பட்ட கட்டு என்பது பரவலாகத் தெரியவந்தது.

கடை மூடியது

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. தன் பஞ்சில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிலிருந்து பெற்றுவந்த லங்காஷயர் ஆலைகள் நின்றன. குட்டை இழை இந்தியப் பஞ்சு குவிந்தது. நூல் அறுந்து அறுந்து நெசவாளர் அதைச் சபித்தனர். வேலையிழந்திருந்த நிலையிலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31 அன்று கூடி, லிங்கனுக்கு ஆதரவு தெரிவித்து மடல் அனுப்பினார்கள். எட்டணா கூடக் கொடுத்து நல்ல துணி வாங்குவதையும், வேலையே போனாலும் கொள்கை மாறாதிருப்பதையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பது என் கருத்து.

1865இல் அமெரிக்க அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1867இல் டெய்லர் தம் கடையை மூடினார்.

அதன்பின் இக்கேள்வி வேறு உருவங்களில் வந்தது. 1899இல் அமெரிக்க தேசிய நுகர்வோர் சங்கம், ஃபுளோரன்ஸ் கெல்லியின் தலைமையில், குழந்தைத் தொழிலாளர் இல்லாத தொழிற்கூடங்களில் தைத்த பெண்களின் உள்ளாடைகளுக்கு வெள்ளை முத்திரை வழங்கியது. இந்தியாவில் கதர் எழுந்தது. 1925இல் தோன்றிய அகில பாரத நூற்போர் சங்கம், தன் சான்று பெற்ற கடைகளில் விற்பதே உண்மைக் கதர் என்று வரையறுத்தது. 1935இல் நூற்கும் பெண்களுக்கு வாழ்க்கைக்கேற்ற கூலி தரவேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தியபோது, விலை ஏறினால் விற்பனை படுத்துவிடும் என்ற அச்சம் சங்கத்துக்குள்ளேயே எழுந்தது. கூலி உயர்த்தப்பட்டது; அவர் கேட்ட அளவுக்கு அல்ல.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு ஆடை தைத்தவர்கள். தங்கள் ஆடை அங்கே தைக்கப்பட்டதா என்று கேட்டபோது சில நிறுவனங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை, சில மறுத்தன. தொழிலாளர் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் இடிபாடுகளுக்குள் இறங்கி, கிழிந்து கிடந்த துணிகளின் கழுத்துப் பட்டையில் தைத்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்கள்.