மூன்றன் கதியும் சுரக்கூட்டும்: நோட்டுச்சுரம் முதல் வைப்ரபோன் வரை

ஆய்வுச் சுருக்கம்

மேலை இசையின் மூன்றன் கதியைத் தமிழக இசை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டையோ நெடுங்காலம் கழித்தே கையாண்டது. நோட்டுச்சுரம், சலதரங்கம், திரையிசை ஆகியவற்றின் வழி இவ்விடைவெளியை ஆராயும் இக்கட்டுரை, ஜாஸ் வைப்ரபோனில் வால்ட்ஸ் கதியைப் பயிலும் தமிழ் மாணவருக்கு அவ்வரலாறு உணர்த்துவதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நோட்டுச்சுரம், திஸ்ரம், சுரக்கூட்டு, சலதரங்கம், வைப்ரபோன்.

முன்னுரை

கருநாடக இசையில் அடிப்படைப் பயிற்சி பெற்ற ஒருவர், மணிமங்கலத்திலோ ஒரகடத்திலோ இன்று வைப்ரபோன் கற்கத் தொடங்கினால், அவருக்கு முற்பயிற்சி துணையாகுமா, தடையாகுமா? இவ்வினாவிற்குத் தமிழக இசை வரலாற்றிலேயே விடை உண்டு. கதியில் அது துணை; சுரக்கூட்டில் அது தொடக்கம் மட்டுமே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மணலியும் கோட்டை இசையும்

திருவாரூரில் பிறந்த முத்துசாமி தீட்சிதர் (1775–1835) தம் இளமைக் காலத்தில் குடும்பத்தாருடன் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தார். அவர்களை ஆதரித்த மணலி முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடையது. அதனால் புனித ஜார்ஜ் கோட்டையின் வாத்தியக் குழு இசை அவர்களுக்கு அறிமுகமாயிற்று. தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். தீட்சிதரோ ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ நாற்பதாக எண்ணப்படும் இவையே நோட்டுச்சுரங்கள்.

இவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கில அரச வணக்கப் பாடலின் மெட்டில் அமைந்தது. அம்மெட்டு மூன்று எண்ணிக்கை கொண்டது. அது வால்ட்ஸ் நடனத்திற்குரியதன்று. எனினும் மூன்றன் கதி என்ற அளவில் இரண்டும் ஓரினம். திஸ்ர ஏகத்தையும் ரூபகத்தையும் அறிந்த செவிக்கு அது அந்நியமாகவில்லை. மேளத்திலும் சிக்கல் எழவில்லை; மேலை இசையின் மேஜர் சுர வரிசை சங்கராபரணத்தில் அடங்கிவிட்டது. ஆனால் நோட்டுச்சுரம் ஏற்றுக்கொண்டது மெட்டை மட்டுமே. மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டு வெளியிலேயே நின்றது. இது குறைபாடன்று, தெரிவு. ஆதார ஷட்ஜம் அசையாது நிற்கும் ஓர் இசையில், ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் அடித்தளம் இடம்பெயர்வதற்குத் தேவை இருக்கவில்லை.

இரு கோலும் நான்கு கோலும்

தட்டி ஒலிக்கும் சுரக்கருவியும் தமிழகத்திற்குப் புதிதன்று. சீதா துரைசாமி, ஆனையம்பட்டி கணேசன் ஆகியோர் வாசித்த சலதரங்கத்தில், நீர் நிரப்பிய கிண்ணங்கள் இராகத்திற்கேற்பச் சுருதி சேர்க்கப்பட்டு இரு கோல்களால் இசைக்கப்படுகின்றன. தட்டியவுடன் கோலால் நீரைத் தொட்டுச் சுரத்தைச் சற்றே அசைக்கவும் இயலும்.

1920களில் அமெரிக்காவில் உருவான வைப்ரபோனில் உலோகப் பட்டைகள் இரு வரிசைகளில் அமைகின்றன. பெரும்பாலான கருவிகள் மூன்று ஸ்தாயி கொண்டவை. குழாய்களின் வாயில் சுழலும் தகடுகள் ஒலியை அலைவுறச் செய்கின்றன. கால்மிதி ஒலியின் நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது. 1930இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டில் லயனல் ஹாம்ப்டன் இதனை வாசித்தார். மில்ட் ஜாக்சன் பெரும்பாலும் இரு கோல்களால் மெட்டை வளர்த்தார். 1960களில் கேரி பர்ட்டன் கைக்கு இரண்டாக நான்கு கோல்களைப் பிடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். சுரக்கூட்டையும் மெட்டையும் ஒருவரே வாசிப்பது அதனால் எளிதாயிற்று. ஆகவே இரு கோல் வாசிப்புக்குச் சலதரங்கம் அண்மையது; நான்கு கோல் வாசிப்புக்கு நம் மரபில் நேர் முன்னோடி இல்லை.

அவ்வெற்றிடத்தை நிரப்பத் தொடங்கியது சென்னைத் திரையிசைக் கூடம். அங்குத் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்ற இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமானார். நாட்டார் மெட்டும் சுரக்கூட்டும் ஒன்றையொன்று அழிக்காமல் இணையலாம் என்பதை அவருடைய இசை பரவலாக உணர்த்தியது.

பயிற்சிக்கு வரலாறு தரும் வழி

ஜாஸ் வால்ட்ஸில் மூன்று எண்ணிக்கைகளும் தனித்தனியே மும்மூன்றாகப் பகுபடும் ஊஞ்சல் நடை உண்டு. அதனைத் திஸ்ர ஏகத்தில் திஸ்ர கதி எனக் கொள்ளலாம். மூன்றின் முதல் எண்ணிக்கையில் மட்டுமே அழுத்தம் விழுவதில்லை. இரண்டாவதும் அடிக்கடி எடுப்பாக ஒலிக்கிறது. அனாகத எடுப்பில் பழகிய மாணவருக்கு இது விரைவில் கைகூடும்.

சுரக்கூட்டையும் சங்கராபரணத்திலிருந்தே தொடங்கலாம். ஜாஸின் அடிப்படைத் தொடர் மூன்று கூட்டுகளால் ஆனது: ரி–ம–த–ஸ, ப–நி–ரி–ம, ஸ–க–ப–நி. இவற்றின் தன்மையைக் காட்டும் இரு சுரங்களை மட்டும் பிரித்தால், முதலில் ம–ஸ, அடுத்து ம–நி, இறுதியில் க–நி கிடைக்கும். முதல் மாற்றத்தில் ம நிற்க, ஸ நி ஆகிறது; இரண்டாவதில் நி நிற்க, ம க ஆகிறது. இடக்கையின் ஒரு கோல் முதல் எண்ணிக்கையில் முறையே ரி, ப, ஸ ஆகிய அடிச்சுரங்களைத் தட்ட, வலக்கையின் இரு கோல்கள் அடுத்த இரு எண்ணிக்கைகளிலும் இவ்விணைகளைத் தட்டினால் வால்ட்ஸ் உருப்பெறும். இறுதிக் கூட்டை இரு முறை வாசித்தால் பன்னிரண்டு எண்ணிக்கையில் ஒரு சுற்று நிறைவுறும். கூட்டு மாறுந்தோறும் கால்மிதியை விட்டு, பழைய ஒலியை அடக்கிப் பின் மிதிக்க வேண்டும்; இல்லையேல் கூட்டுகள் ஒன்றோடொன்று கலங்கும்.

உண்மையான கடினம் கையில் இல்லை, செவியில் உள்ளது. ரியும் பவும் அடித்தளமாகும்போது அவற்றைத் தற்காலிக இருப்பிடங்களாகக் கேட்கப் பழக வேண்டும். தம்புராவோடு வளர்ந்த செவிக்கு இதுவே புதிது.

முடிவுரை

தீட்சிதர் காலம் தொட்டு மூன்றன் கதி நம்முடையதாகவே இருந்து வருகிறது. எனவே வைப்ரபோன் பயிற்றுவிப்போர் கதியைப் புதிதாகக் கற்பிப்பதில் காலம் செலவிட வேண்டியதில்லை. அடித்தள மாற்றத்தைக் கேட்கும் பயிற்சிக்கே முதலிடம் தர வேண்டும். நோட்டுச்சுரங்களுக்கு மாணவரே சுரக்கூட்டு அமைத்து வாசிப்பது அதற்குப் பொருத்தமான முதற்பாடமாகும். மணலியில் தொடங்கிய சந்திப்பில் விடுபட்ட பகுதியும் அதனால் நிறைவுறும்.