11 விநாடி விமானம்

1/ ரப்பர் பேண்டை முறுக்கிப் பறக்கவிடும் பொம்மை விமானம் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷனோட கதை இருக்கு. வாங்க பார்ப்போம்.

2/ அல்போன்ஸ் பெனோ. 1850ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா கடற்படை அட்மிரல். மகனுக்கும் அதே ஆசை. ஆனால் இடுப்பு மூட்டு நோய் குறுக்கே வந்தது. நடக்கவே சிரமப்பட்டவர், பறப்பதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

3/ 1871 ஆகஸ்ட் 18. பாரிஸின் துய்லரி தோட்டம். பெனோ செய்த மாதிரி விமானம் எல்லோர் முன்னிலையிலும் 11 விநாடிகள் பறந்தது. ஒரு குச்சி, ஒன்றரை அடி இறக்கை, பின்னால் சின்ன வால், கடைசியில் சுழலும் விசிறி. முறுக்கிய ரப்பர்தான் இன்ஜின்.

4/ "11 விநாடி ஒரு சாதனையா டாக்டர்?"னு கேப்பீங்க. யாரும் ஓட்டாமல் தானே நிலை தடுமாறாமல் பறந்ததுதான் சாதனை. வாலின் முன்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருந்தார். மூக்கு கவிழ்ந்தால் வேகம் கூடும். காற்று வாலைக் கீழே அழுத்தும். மூக்கு தானாக நிமிரும். அவ்வளவுதான்.

5/ 1876ல் இருவர் போகும் நிஜ விமானத்துக்கே காப்புரிமை வாங்கினார். மடங்கும் சக்கரம் உட்பட எல்லாம் அதில் இருந்தது. கட்டப் பணம் கிடைக்கவில்லை. உடல்நோயோடு மனச்சோர்வும் சேர, 1880ல், 30 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். நாள்பட்ட வலியோடு வாழ்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், மனசு எப்படி இருக்குன்னும் கேளுங்க. மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

6/ 1878ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் பிள்ளைகளுக்கு ரப்பரில் பறக்கும் ஹெலிகாப்டர் பொம்மை வாங்கி வந்தார். அது பெனோவின் வடிவமைப்பு. பிள்ளைகள்? 11 வயது வில்பர் ரைட், 7 வயது ஆர்வில் ரைட்!

7/ பொம்மை உடைந்ததும் தாங்களே செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்கவில்லை. ஏன்? நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மடங்கானால் இறக்கைப் பரப்பு 4 மடங்குதான் ஆகும். எடையோ 8 மடங்கு. மாதிரி செய்பவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் முட்டியே தீரணும்.

8/ 1903 டிசம்பர் 17. ஆர்வில் ஓட்டிய முதல் பறத்தல் 12 விநாடிகள். பெனோவின் மாதிரியைவிட ஒரே ஒரு விநாடி அதிகம். இன்னொன்னு: ஆர்வில் பிறந்தது 1871 ஆகஸ்ட் 19. பெனோவின் விமானம் பறந்ததற்கு மறுநாள்!

9/ பிள்ளைகள் அட்டை, குச்சியோடு உட்கார்ந்தால் "படிக்கிற வேலையைப் பாரு"ன்னு விரட்டாதீங்க. கூட உட்கார்ந்து ரப்பரை முறுக்குங்க.