பயிலுநர்கள் சுமையா, துணையா?

இயன்மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை ஆகியவற்றை ஏட்டில் மட்டும் கற்றுவிட முடியாது. தொழில்வழிச் சிகிச்சை மாணவர் குறைந்தது 1000 மணித்தியாலங்கள் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது அத்துறையின் உலக சம்மேளனம் வகுத்துள்ள நியமம். அந்நேரத்தில் அவருக்கு வழிகாட்டுபவர், ஏற்கெனவே நீண்ட நோயாளர் வரிசையைச் சமாளிக்கும் சிகிச்சையாளர்தான்.

பயிலுநர் வந்தால் வேலை இரட்டிப்பாகும் எனப் பலர் தயங்குகின்றனர். அதில் பாதிதான் உண்மை. ஆரம்ப நாட்களில் விளக்கவும், செய்துகாட்டவும், குறிப்புகளைத் திருத்தவும் நேரம் செலவாகிறது. பின்னர் பயிலுநர் மேற்பார்வையின் கீழ் தாமே சிகிச்சையளிக்கத் தொடங்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது. பயிற்சிக் காலம் முழுவதையும் பார்த்தால் நோயாளர் எண்ணிக்கை பொதுவாகக் குறைவதில்லை என்றே வெளிநாட்டு ஆய்வுகள் பல காட்டுகின்றன. ஆனால் மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்பும் வேலை கடமை நேரத்துக்கு அப்பால் நீள்கிறது. அது எவர் கணக்கிலும் சேர்வதில்லை.

எனவே முதல் வாரத்தில் மேற்பார்வையாளரின் நோயாளர் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இரு பயிலுநர்களை ஒன்றாக அனுப்பினால், சிறு சந்தேகங்களைத் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்வர். மேற்பார்வை நேரமும் கடமைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

தமிழ் பேசும் நமக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. களனிப் பல்கலைக்கழகம் ராகமையில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டப்படிப்பை நடத்துகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த வாப்பாவுக்கும், பேசத் தாமதிக்கும் பிள்ளைக்கும் அவரவர் மொழியிலேயே சிகிச்சை வேண்டும். அதைத் தமிழில் பழக்க, தமிழில் சிகிச்சையளிக்கும் மேற்பார்வையாளர் தேவை. வேலைப்பளுவால் அவர் கைவிரித்தால், நாளை நம் நோயாளருக்கு அவர்கள் மொழியில் பேச ஆளிருக்காது.