வீடியோ விளையாட்டிற் பெண்ணுருவம்

ஒரு படைப்பை ஆராயப் புகுவோர் அதனை இயற்றியவர் யார் என வினவுதல் இயல்பு. அஃது எவரை நோக்கி இயற்றப்பட்டது என வினவுவோர் சிலரே. தொல்காப்பியரோ செய்யுளுறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்றினை அடுத்துக் கேட்போரையும் ஓர் உறுப்பாக வைத்துள்ளார். கேட்போர் இன்னார் என்பது படைப்பின் புறத்தே நிற்பதன்று, அதன் அகத்தே அமைவது என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவுகோலைக் கொண்டே, நம் காலத்துப் புதுக்கலைகளுள் ஒன்றாகிய வீடியோ விளையாட்டிற் பெண்ணுருவம் அடைந்த மாற்றங்களை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்வுருவங்கள் கவர்ச்சிப் பொருளாக வரையப்பெற்றமைக்குக் கருவியின் குறையே காரணம் என்பாரும், வரைந்தவர் விருப்பமே காரணம் என்பாரும் உளர். இவ்விரண்டினும் வலிய காரணம், 'இதனைக் காண்போர் ஆடவரே' என ஆக்குவோரும் விற்போரும் கொண்ட துணிபாகும் என்பது எம் கருத்து.

தொடக்க காலத்தை முதற்கண் நோக்குவோம். 1980இல் ஜப்பானிய நிறுவனமாகிய நாம்கோ வெளியிட்ட பாக்-மேன் என்னும் விளையாட்டை அமைத்தவர் டோரு இவாதானி. ஆடவரே நிறைந்திருந்த விளையாட்டுக் கூடங்களுக்கு மகளிரும் வருதல் வேண்டும் என எண்ணியே, போரை விடுத்து உண்ணுதலைப் பொருளாகக் கொண்டதாக அவர் கூறியுள்ளார். காண்போரைப் பற்றிய எண்ணம் மாறவே விளையாட்டின் பொருளே மாறியமை காண்க. ஆயினும், 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த மிஸ் பாக்-மேன், அதே வட்ட முகத்திற்கு ரிப்பன் முடிச்சும் உதட்டுச் சாயமும் ஒரு மச்சமும் சேர்த்துப் பெண்ணாக்கிற்று. அணியின்றி நிற்பது ஆண். அதன்மேல் அணி சேர்ந்தது பெண் என்னும் கொள்கை இங்குப் புலனாகின்றது. சில புள்ளிகளாலேயே உருவமைக்க வேண்டிய நெருக்கடி கருவியினால் வந்தது. அப்புள்ளிகளை எதற்குச் செலவிடுவது என்பது மனிதர் முடிபு.

1986இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட மெட்ராய்டு இதனினும் நுண்ணிய சான்றாகும். அதன் தலைமை வீரர் சாமுஸ் ஆரான் உடல் முழுதும் கவசம் பூண்டவர். ஆங்கிலக் கையேடும் அவரை ஆண்பாலாற் சுட்டியது. ஆட்டத்தை விரைந்து முடித்தார்க்கு மட்டும், இறுதியிற் கவசம் நீங்கிப் பெண்ணொருத்தி காட்சியளிப்பாள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார்க்கு அவள் நீச்சலுடையில் தோன்றுவாள். அத்துணை வீரமும் ஒரு பெண்ணினது எனக் காட்டியது பெருமையே. ஆயின், அவளது உடலை ஆடுவோரின் திறமைக்குரிய பரிசாக்கியமை, ஆடுவோர் ஆடவரே என்னும் துணிபினின்றும் எழுந்ததாகும்.

இனி, இவ்வாராய்ச்சிக்கு நடுவாக நிற்கும் லாரா கிராப்டினைக் காண்போம். இங்கிலாந்தில் டார்பி நகரத்துக் கோர் டிசைன் நிறுவனம் 1996இல் டூம் ரெய்டரை உருவாக்கியது. தலைமை உருவத்தை வரைந்தவர் டோபி கார்டு. முதலில் எண்ணிய ஆணுருவம் இண்டியானா ஜோன்ஸ் என்னும் திரைப்படத் தலைவனைப் பெரிதும் ஒத்திருந்தமையால் கைவிடப்பட்டது. பின்னர், லாரா குரூஸ் என்னும் தென்னமெரிக்கப் பெண்ணாகவும், இறுதியில் லாரா கிராப்டு என்னும் ஆங்கில உயர்குடிப் பெண்ணாகவும் அவ்வுருவம் மாறிற்று.

விளையாட்டினுள் அவளை நாம் பெரும்பாலும் பின்புறமிருந்தே காண்கிறோம். அவள் ஓடுகின்றாள், பாறையைப் பற்றி ஏறுகின்றாள், பழங்கோயில்களின் புதிர்களை விடுவிக்கின்றாள். விளம்பரத்திலோ அவள் முன்புறம் திருப்பப்பட்டாள். செயலின்றி நின்று காண்போனை நோக்கினாள். இதழ்களின் அட்டைகளிலும் பான விளம்பரங்களிலும் அவ்வுருவம் பரவிற்று. அவள் வேடம் பூண அழகியரும் அமர்த்தப்பட்டனர். கார்டு 1997இல் அந்நிறுவனத்தினின்றும் நீங்கினார். தம் படைப்பின்மீது தமக்கிருந்த உரிமை குறைந்தமை அதற்கு ஒரு காரணமெனப் பின்னர்ச் சொல்லப்பட்டது. அவளை ஆடையின்றிக் காட்டும் மாற்று நிரலைச் சிலர் பரப்பியபோது, வெளியீட்டு நிறுவனமாகிய ஐடாஸ் அதனைத் தடுக்க 1999இல் சட்டத்தின் துணையை நாடிற்று. கவர்ச்சியால் விற்றவரே கவர்ச்சியின் எல்லையைக் காக்க முற்பட்டமை நோக்கத்தக்கது.

சில நூறு பல்கோணங்களால் அமைந்த உருவத்தில் பெண்மை தோன்ற உறுப்புகளை மிகைப்படுத்துதல் தவிர்க்கலாகாதது என்பார் கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. ஆயினும், பல்கோணங்கள் பல்கிப் பெருகிய பின்னரும் அம்மிகை உடனே குறைந்திலது. 2013இல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் லாராவைப் புதிதாக அமைத்தபோதுதான் இயல்பான உடலமைப்பும் நீண்ட காற்சட்டையும் வந்தன. கதையாசிரியருள் தலைமை ஏற்றவர் ரியானா பிராட்செட் என்னும் பெண்மணி. எனவே, உருவம் மாறியது கருவி வளர்ந்தமையால் மட்டுமன்று. எனினும், அவ்விளையாட்டு வெளிவருமுன் 2012இல், ஆடுவோர் அவளைக் காக்க விரும்புவர் என அதன் தயாரிப்பாளர் ஒருவர் கூறியது பெருங்கண்டனத்திற்குள்ளாயிற்று. ஆடுவோர் தம்மை லாராவாகவே எண்ணுதலும் கூடும் என்பது அவர் நினைவில் எழவில்லை போலும்.

இம்மாற்றம் ஓருருவத்தளவில் நின்றதன்று. தெரசா லிஞ்ச் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, 31 ஆண்டுக் கால விளையாட்டுகளினின்றும் ஆடுவோர் இயக்கத்தக்க 571 பெண்ணுருவங்களை எடுத்து அளந்தது. கவர்ச்சி 1990களில் மிக்கு, 2006க்குப் பின் குறைந்தமையை அது காட்டுகின்றது. மகளிரின் ஆர்வம் வளர்ந்தமையும் கண்டனம் பெருகியமையும் இதற்குக் காரணமாகலாம் என்பது அவ்வாசிரியர் கருத்து. துணைமை உருவங்களிற் கவர்ச்சி மிகுதி என்பதும் அவர்கள் கண்டதே.

அக்கண்டனம் எளிதில் எழுந்ததன்று. இப்பொருள் குறித்துத் திறனாய்ந்த அனிதா சார்கீசியன், 2014இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரையைக் கொலை அச்சுறுத்தலால் நிறுத்த நேர்ந்தது. ஒரு பெண்ணுருவின் ஆடையளவு பற்றிய வழக்காக மட்டும் இருந்திருப்பின் இத்துணைச் சினம் எழுந்திராது. இக்கலையின் காண்போர் யார், அதனைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்குண்டு என்பதே ஆண்டு வழக்காயிற்று.

டார்பி நகரத்தார் 2010இல் தம் புதிய சாலையொன்றிற்கு வாக்கெடுப்பின் வழி லாரா கிராப்டின் பெயரைச் சூட்டினர். ஆடவர் கண்ணுக்கென விற்கப்பட்ட அவ்வுருவைத் தம் துணிவின் வடிவாகக் கொண்ட மகளிரும் பலர். விற்போர் கருதிய காண்போர் வேறு. உண்மையில் வந்த காண்போர் வேறு. பின்னவரை முன்னவர் காணத் தொடங்கிய அளவிற்கே பெண்ணுருவம் திருந்திற்று என்பது இவ்வாராய்ச்சியால் யாம் கண்ட முடிபாகும்.